எண்பதுகளின் டீன் காமெடி: ஒரே ஒரு படம் போடுவதென்றால் எதைப் போடுவது?

அண்ணன் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தபோது, நான் பார்த்துக்கொண்டிருந்த பழைய அமெரிக்கப் படத்தைப் பத்து நிமிடம் நின்றபடியே பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "சித்தப்பா, இதெல்லாம் அப்பவாவது கூலா இருந்துச்சா? இல்ல, நீங்களா சொல்லிச் சொல்லி அப்படி ஆக்கிட்டீங்களா?"

நல்ல கேள்வி. எண்பதுகளில் அமெரிக்காவில் வந்த டீன் காமெடிப் படங்களை, அதாவது பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய நகைச்சுவைப் படங்களை, நேசிக்கிறவர்கள் இத்தனை வருடமாகத் தங்களுக்குள் மல்லுக்கட்டுவதும் இதை வைத்துத்தான். வரும் சனிக்கிழமை அவள் இரண்டு ஹாஸ்டல் தோழிகளோடு வருகிறாள். "ஒரே ஒரு படம் போடுங்க, பாத்துட்டுச் சொல்றோம்" என்றாள். அது சறுக்கினால் மூன்று பேரும் அந்தப் பக்கமே இனி தலைவைக்க மாட்டார்கள். எனக்கு இந்தப் படங்கள் மீது உண்மையான பிரியம் உண்டு. அதனால் இந்த வாரம் முழுக்க ராத்திரி ஒன்றாக எடுத்துத் திரும்பப் பார்த்தேன்.

முதலில் அந்தச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். ரசிகர்களில் ஒரு கூட்டம், "வந்த நாளிலேயே கூல்தான்" என்னும். அவர்கள் கையில் ஆதாரமும் இருக்கிறது. 1983இல் 'ரிஸ்கி பிசினஸ்' படத்தில் டாம் குரூஸ் ரே-பான் வேஃபேரர் கண்ணாடியோடு வந்தார். ஐம்பதுகளின் மாடலான அதற்கு மறுபடி மவுசு வந்தது. 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை' படத்தில் ஷான் பென் போட்டுவந்த வேன்ஸ் ஷூ, அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம் போட்டது, கலிஃபோர்னியாவைத் தாண்டி நாடு முழுக்கத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். இன்னொரு கூட்டம் இதை ஒப்புக்கொள்ளாது. 1981 ஆகஸ்டில் எம்டிவி என்ற பாட்டு சேனல் தொடங்கியது, அதில் ஓடிய பாட்டை எடுத்துப் பெரியவர்கள் படத்தில் ஒட்டினார்கள், நிஜமாகவே கூலான பசங்க அன்றைக்கு இந்தப் படங்களுக்கு வெளியேதான் இருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். மூன்றாவது கூட்டம், "அப்போ கூல், இப்போ பார்க்க முடியல" என்று கைவிரிக்கும்.

எனக்கு மூன்றிலும் திருப்தி இல்லை. நம்மிடம் 'கெத்து' என்று ஒரு சொல் இருக்கிறது. கெத்துக்கு எதிரில் நாலு பேர் வேண்டும். அவர்கள் பார்த்து அசர வேண்டும். அமெரிக்கப் பள்ளிக்கூடத்து 'கூல்' வேறு மாதிரி. நாலு பேர் பார்ப்பது தன்னைத் தொடவே இல்லை என்பதுபோல நடமாடுவது அது. இந்தப் படங்களின் நாயக நாயகிகளைப் பாருங்கள், முக்கால்வாசிப் பேரிடம் இரண்டுமே கிடையாது. பிறந்தநாளை வீடே மறந்துபோன பெண், பாடத்தில் ஃபெயிலானதற்கு உள்ளுக்குள் நொறுங்கிப்போன பையன், மீன் கடைச் சீருடையைப் போட்டுக்கொண்டு கூனிக்குறுகுகிற அண்ணன். கூலாக இருக்கத் தெரியாதவர்களைப் பற்றிய படங்கள் இவை. அதனால் கண்ணாடியையும் ஷூவையும் வைத்து அளக்காமல், நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தேன்: அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நம்மைச் சிரிக்க வைக்கிறதா, அந்தப் பிள்ளையைக் காட்டிச் சிரிக்க வைக்கிறதா?

இந்தக் கேள்வியை வைத்தவுடனேயே சில படங்கள் கழன்றுவிட்டன. 'போர்க்கீஸ்' 1982இல் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட படம். பெண்களை ஒளிந்து பார்ப்பதுதான் அதன் நகைச்சுவை. வேண்டாம். 1984இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் த நெர்ட்ஸ்' ஒதுக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் முகமூடி போட்டு ஒரு பெண்ணை ஏமாற்றி அவளோடு உறவு கொள்வதை வெற்றியாகக் காட்டுகிறது. அதற்கு இன்று சட்டத்தில் என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் வேண்டாம்.

மீதியில் பெரும்பங்கு ஜான் ஹியூஸுடையது. 1950இல் மிச்சிகனில் பிறந்து, சின்ன வயதில் சிகாகோவுக்கு வடக்கே நார்த்புரூக்குக்குக் குடிவந்தவர். விளம்பர நிறுவனத்தில் எழுதினார், 'நேஷனல் லாம்பூன்' நகைச்சுவைப் பத்திரிகையில் எழுதினார், அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். அவருடைய கதைகள் நடக்கிற ஷெர்மர் என்ற ஊரை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் நார்த்புரூக்கின் பழைய பெயர் ஷெர்மர்வில். 1984க்கும் 1987க்கும் நடுவே டீன் படங்கள் ஆறு: நான்கை அவரே இயக்கினார், இரண்டை எழுதிக்கொடுத்தார்.

முதல் படம் 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்'. இதைத்தான் போட வேண்டும் என்று என் பழைய நண்பன் ஒருவன் போனில் அரைமணி நேரம் வாதாடினான். அவன் சொல்வதில் பாதி சரி. அக்கா கல்யாண அமளியில் சமந்தாவின் பதினாறாவது பிறந்தநாளை அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி அத்தனை பேரும் மறந்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் கூட்டத்துக்கு நடுவே கண்டுகொள்ளப்படாமல் நின்ற எந்தப் பிள்ளைக்கும் சமந்தாவாக நடித்த மாலி ரிங்வால்டின் முகம் புரியும். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து அப்பா மகளிடம் மன்னிப்புக் கேட்கும் இடம் இன்றும் என்னைக் கலங்க வைக்கிறது.

ஆனால் அதே படத்தில் லாங் டக் டாங் என்றொரு வெளிநாட்டு மாணவன் வருகிறான். அவன் தலைகாட்டும்போதெல்லாம் பின்னணியில் 'டொய்ங்' என்று சேகண்டி ஒலிக்கும். அவன் பெயர் சிரிப்பு, பேச்சு சிரிப்பு, சாப்பிடுவது சிரிப்பு. அவனுக்கென்று மனசு ஒன்று இருப்பதாகவே படம் நினைக்கவில்லை. நடித்த கெடி வாட்டனாபே அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் பிறந்தவர். சனிக்கிழமை வரப்போகிற தோழிகளில் ஒருத்தி மணிப்பூர்க்காரி. பஸ் ஸ்டாண்டில், கடைத்தெருவில் அவள் முகத்தைப் பார்த்ததும் என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அண்ணன் மகள் சொல்லியிருக்கிறாள். அவளை என் வீட்டு ஹாலில் உட்காரவைத்து அந்தச் சேகண்டிச் சத்தத்தைக் கேட்கவைக்க எனக்கு மனம் வராது. அதற்கு மேல், குடித்து நினைவில்லாமல் கிடக்கும் தன் காதலியை இன்னொரு பையனிடம் காரோடு ஒப்படைக்கிறான் ஜேக் ரயன், சமந்தா மனதுக்குள் விரும்பும் பையன். படம் அவனை ராஜகுமாரனாகவே கடைசிவரை வைத்திருக்கிறது.

பெற்றோராக இருப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் பி.ஜி.-13 (பதிமூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை) என்ற தரச்சான்று 1984 ஜூலையில்தான் வந்தது. 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' அதற்கு முன்னால் மே மாதமே வெளியானதால், அதைவிட மென்மையான வெறும் பி.ஜி. என்ற சான்றோடு இருக்கிறது. குழந்தைகளோடு பார்க்கலாம் என்று நம்பிப் போட்டால் சங்கடப்படுவீர்கள்.

அடுத்தது 'த பிரேக்ஃபாஸ்ட் கிளப்', 1985. மூடப்பட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், ஜிம்னேசியத்துக்குள் நூலக செட் போட்டு, சுமார் பத்து லட்சம் டாலரில் எடுத்த படம். சனிக்கிழமை தண்டனை வகுப்பில் ஐந்து பேர். பெரும்பாலும் பேச்சு, பேச்சு, பேச்சுதான். 2016இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு இருக்கும் ஒரே பெரிய காரணம் பிரையன். முதல் மார்க் வாங்குகிற பிள்ளை. கைத்தொழில் வகுப்பில் செய்த யானை விளக்கு எரியவில்லை என்பதற்காக 'எஃப்' வாங்கிவிடுகிறான். அது அவனை எந்த எல்லைக்குக் கொண்டுபோனது என்று அவன் சொல்லும்போது, மார்க் ஷீட்டைப் பார்த்து நடுங்கிய நம் பிள்ளைகள் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஷெர்மரிலிருந்து நேரே நம் பிளஸ் டூ வகுப்பறைக்குள் நுழைந்துவிடுகிற பையன் அவன்.

அப்படிப்பட்ட பையனை அந்தப் படம் கடைசியில் என்ன செய்கிறது? மற்ற நாலு பேரும் இரண்டு ஜோடியாகச் சேர்ந்துவிட, ஐந்து பேருக்குமான கட்டுரையைத் தனியாக உட்கார்ந்து எழுத வைக்கிறது. முதல் தடவை பார்த்தபோது அதை நான் கவனிக்கவே இல்லை. இந்த வாரம் கண்ணை உறுத்தியது. ஆலிசன் என்கிற விசித்திரமான பெண்ணுக்கு முடி வாரி, மை துடைத்து, வெள்ளை உடை மாட்டி 'அழகாக்கிய' பிறகுதான் விளையாட்டு வீரன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான். அவளை அவளாகவே விட்டிருக்கலாம். மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டு சக மாணவியிடம் பெண்டர் என்ற போக்கிரிப் பையன் செய்வதை இன்று எந்தப் பெண்ணும் குறும்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டாள். 2018இல், இந்தப் படத்திலும் நடித்த மாலி ரிங்வால்டே 'த நியூ யார்க்கர்' இதழில் இதைப் பற்றி நீளமாக எழுதினார். தன் மகளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு எழுதியது அது. படத்தை அவர் தூக்கி எறியவில்லை, அதற்காக வக்காலத்தும் வாங்கவில்லை. இந்தப் படங்களை நேசிக்கிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய கட்டுரை. இரண்டாவது படமாகப் போட இதுதான் சரி, பேசுவதற்கு நிறைய இருக்கிறது. முதல் படமாக வேண்டாம்.

'ஃபெரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்' விஷயத்தில் நான் மிகவும் தடுமாறினேன். 1986. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு மூன்று பேர் சிகாகோவைச் சுற்றுகிறார்கள். எண்பதுகளின் டீன் நாயகர்களில் நிஜமாகவே கூலானவன் என்று ஒருவனைச் சொல்வதென்றால் ஃபெரிஸ்தான். அவனுக்கு எதுவும் நடக்காது. எந்தக் கதவும் அவனுக்குத் திறக்கும். அதனாலேயே அவனை விட எனக்கு அவன் நண்பன் கேமரனைத்தான் பிடிக்கும். சிகாகோ கலைக்கூடத்தில், புள்ளிப் புள்ளியாக வரைந்த பிரெஞ்சு ஓவியர் சொராட்டின் பெரிய ஓவியத்தின் முன் கேமரன் நிற்கிறான். அம்மாவின் கையைப் பிடித்திருக்கும் ஒரு குழந்தையின் முகத்தைக் கேமரா நெருங்குகிறது, இன்னும் நெருங்குகிறது, முகம் போய்ப் புள்ளிகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஒரு வார்த்தை கிடையாது. காமெடிப் படத்தின் நடுவில் இப்படி ஒரு நிமிடத்தை வைக்க ஹியூஸுக்குத் துணிச்சல் இருந்தது.

மூன்று பெண்களும் இதை நிச்சயம் ரசிப்பார்கள். ஆனால் அண்ணன் மகள் கேட்ட கேள்விக்கு இது பதில் சொல்லாது. வசதியான வீட்டுப் பையன் ஒருநாள் ஜாலியாக இருந்தான் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்; ஹாஸ்டல் வார்டனிடம் அவுட்பாஸ் கேட்டு நிற்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். வீட்டில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளோடு பார்க்கிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதைப் போடுங்கள். கதை புரிய அமெரிக்கா தெரிந்திருக்க வேண்டியதில்லை.

'ஹீதர்ஸ்' 1989இல் அமெரிக்கத் திரையரங்குகளில் 11 லட்சம் டாலர்தான் வசூலித்தது. வீடியோ கேசட்டில்தான் உயிர் பிழைத்தது. எழுதிய டேனியல் வாட்டர்ஸ் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்: நிஜ டீன் பேச்சு இரண்டு வருடத்தில் பழசாகிவிடும் என்று, பாத்திரங்களுக்கான கொச்சையைத் தானே புதிதாக உண்டாக்கினார். அதனால்தான் இன்றும் அந்த வசனங்களில் தூசி படியவில்லை. அவருடைய தம்பி மார்க் வாட்டர்ஸ் 2004இல் இயக்கியதுதான் 'மீன் கேர்ள்ஸ்'. அண்ணன் மகளுக்கு அது மனப்பாடம். இந்த வரிசையில் வெளிப்படையாகக் கூலான படம் இதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கொலைகளைத் தற்கொலையாகக் காட்டிச் சிரிக்கவைக்கிற கதை. கல்லூரிப் பிள்ளைகள் தற்கொலை செய்துகொண்ட செய்தியைக் கேட்கும் நாட்களில், முதல் முறை வீட்டுக்கு வருகிற இரண்டு பெண்களுக்கு, அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், நான் இதைப் போட மாட்டேன்.

'சே எனிதிங்' 1989. அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு நாலு நட்சத்திரம் கொடுத்த படம். ஜான் கியூசாக் டேப் ரெக்கார்டரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும் காட்சியைப் படம் பார்க்காதவர்களும் எங்காவது பார்த்திருப்பார்கள். மென்மையான, நல்ல படம். ஒரே ஒரு தயக்கம், அந்தக் காட்சி. வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே போய் நிற்கும் பையனை நம் சினிமாவில் வேண்டிய அளவு பார்த்தாகிவிட்டது. கியூசாக் நடித்த லாய்ட் அப்படிப்பட்டவன் இல்லைதான்; ஆனால் அதை நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மிச்சம் 'ஃபாஸ்ட் டைம்ஸ்'. 1982 ஆகஸ்ட். வந்தபோது இதே ஈபர்ட் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். அவரை நான் மதிக்கிறேன், இந்த இடத்தில் அவர் கணக்குத் தப்பிவிட்டது.

பத்திரிகையாளர் கேமரன் குரோ தன் 22 வயதில், சான் டியேகோவின் கிளேர்மான்ட் உயர்நிலைப் பள்ளியில் மாணவனைப் போலச் சேர்ந்து, கூடவே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு ஒரு புத்தகம் எழுதினார். அதைத்தான் திரைக்கதையாக்கினார். இயக்கியது ஏமி ஹெக்கர்லிங், அவருக்கு இது முதல் முழுநீளப் படம், வயது முப்பதைத் தொடவில்லை. பின்னாளில் 'க்ளூலெஸ்' எடுத்ததும் அவரே. பெரியவர்கள் தூரத்திலிருந்து கற்பனை செய்த பள்ளிக்கூடம் இல்லை இது. படம் முழுக்க அது தெரிகிறது.

எப்படித் தெரிகிறது என்றால், இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். ஷெர்மர் பிள்ளைகளில் பலருக்கு அந்தக் கவலை கிடையாது. இங்கே ஸ்டேசி மாலில் பீட்சா கடையில் நிற்கிறாள்; ராட்னர் அதே மாலில் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறான்; ஸ்டேசியின் அண்ணன் பிராட் ஹாம்பர்கர் கடையில். அந்த வேலை போய், மீன் வறுவல் கடையில் கடற்கொள்ளைக்காரன் உடுப்பு மாட்டிக்கொண்டு டெலிவரிக்குப் போகிறான். சிக்னலில் பக்கத்துக் காரில் இருக்கும் பெண் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தத் தொப்பியைக் கழற்றி எறிவதா, மாதக் கடைசியில் கட்ட வேண்டிய கார் தவணையை நினைப்பதா? பகுதிநேர வேலையில் நிறுவனத்தின் டி-ஷர்ட்டோடு பைக் ஓட்டுகிற நம் பையன்களுக்கு அந்த முகம் புதிதாக இருக்காது.

ஷான் பென் நடித்த ஸ்பிக்கோலிதான் போஸ்டரில் இருக்கும் முகம். எந்நேரமும் போதையில் மிதக்கும் அலைச்சறுக்குப் பையன், வரலாற்று ஆசிரியர் மிஸ்டர் ஹேண்டோடு வருடம் முழுக்கப் போர். வகுப்புக்கே பீட்சா வரவழைக்கிறான். ஆசிரியர் அதை எடுத்து மற்ற மாணவர்களுக்குப் பங்குவைத்துவிடுகிறார். வருடக் கடைசி நடன விழா அன்று அவன் வீட்டுக்கே வந்து, நீ வீணாக்கிய என் நேரத்தைத் திருப்பிக் கொடு என்று உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறார். அந்தக் காட்சியில் இருவரில் யாரும் கோமாளி இல்லை. ஒருவரையொருவர் கொஞ்சம் பிடித்துப்போய்விட்ட இரண்டு பேர், அவ்வளவுதான்.

ஆனால் நான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது ஸ்டேசிக்காக. பதினைந்து வயதில், பெரியவளாகிவிட வேண்டும் என்ற அவசரத்தில், அவள் எடுத்த முடிவுகள் அவளைக் கருக்கலைப்பு மருத்துவமனை வரை கொண்டுபோகின்றன. செலவில் பாதியைத் தரவும் கூட வரவும் ஒப்புக்கொண்ட பையன் வரவில்லை. பௌலிங் விளையாடப் போகிறேன் என்று பொய் சொல்லி அண்ணன் காரில் ஏறுகிறாள். இறக்கிவிட்டுக் கிளம்பும் பிராட், அவள் சாலையைக் கடந்து எந்தக் கட்டடத்துக்குள் போகிறாள் என்று கண்ணாடியில் பார்த்துவிடுகிறான். அவள் வெளியே வரும்போது காரோடு நிற்கிறான். யார் என்று ஒரு தடவை கேட்கிறான். அவள் சொல்ல விரும்பவில்லை என்றதும் விட்டுவிடுகிறான். திட்டு இல்லை, பிரசங்கம் இல்லை, அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டல் இல்லை. பசிக்கிறதா என்பதுதான் பேச்சு. சோகப் பாட்டுப் போட்டு அந்தப் பெண்ணை யாரும் தண்டிக்கவும் இல்லை. 1982இன் ஒரு காமெடிப் படம் இதைச் செய்திருக்கிறது. கருக்கலைப்புக்கான அரசியல் சாசன உரிமை 2022இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பறிபோன நாட்டில், இன்று அந்த நான்கைந்து நிமிடங்களின் எடை கூடியிருக்கிறது.

குறை இல்லாத படமா? இல்லை. 'ஆர்' சான்று (பதினேழு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும்) பெற்றது, காரணமில்லாமல் வாங்கியது இல்லை. நீச்சல்குளக் காட்சி பையன்களுக்காகவே வைத்தது. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய படம், குடும்பத்தோடு உட்காருவதற்கானது இல்லை. அதனால்தான் அண்ணனையும் அண்ணியையும் அன்றைக்குக் கூப்பிடவில்லை. என்ன படம், அதில் என்ன இருக்கிறது என்று மூன்று பெண்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றால் ஃபெரிஸ் தயாராக இருக்கிறான். "பரவால்ல சித்தப்பா, இதையே போடுங்க" என்று பதில் வந்தது.

படம் தொண்ணூறு நிமிடம். ஸ்பிக்கோலிக்கு வகுப்பில் பீட்சா வரும் இடம் எத்தனையாவது நிமிடம் என்று நேற்று ராத்திரி குறித்து வைத்துக்கொண்டேன். நான் ஆர்டர் செய்வது சரியாக அந்த நேரத்தில் வாசல் மணியை அடிக்க வேண்டும். பெரியதாக இரண்டு, ஒன்று காரம் தூக்கலாக.